ஒழுங்கையால் போங்கள்: யாழ்ப்பாணத்தில் கிறவல் சைக்கிள் ஓடத் தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஏற்றம் இல்லை. அதனால் சைக்கிள் ஓடுவது மிகவும் இலகு என்று நினைத்து வருபவர்கள் உண்டு. இங்கே கால்களை ஓயவைப்பது காற்றும் வெயிலும் மணலும்தான். இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் குடாநாடு முழுவதையும் சைக்கிளில் பார்த்துவிடலாம். அதற்கு இதைவிட நல்ல ஊர் இலங்கையில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஊர் பார்க்க வருபவர்களும், புதிதாகக் கிறவல் சைக்கிள் வாங்கிய இளம் பிள்ளைகளும் பெரும்பாலும் தார் போட்ட காபெற் வீதியிலேயே போய்த் திரும்பிவிடுகிறார்கள். காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி. இவை பஸ்ஸுக்கும் லொறிக்கும் உரியவை. தனியார் மினிபஸ் ஒன்று பின்னால் ஹோர்ன் அடித்தபடி வந்தால், பக்கத்தில் இருக்கும் பழைய கோயில் கேணி கண்ணில் படாது. வாகனங்கள் வருவதற்கு முன் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் போன சனம் தங்கிப்போன மடங்கள், தண்ணீர் குடித்த கேணிகள், தலைச்சுமையை இறக்கிவைத்த சுமைதாங்கிகள், மாடுகள் உடம்பு உரசிய ஆவுரஞ்சிக்கற்கள் எல்லாம் பழைய பாதைகளின் ஓரத்தில் இருக்கின்றன. அந்தப் பாதைகளில் பல இன்றைக்கும் சரளைக்கல் போட்ட கிறவல் வீதியாக, செம்மண் ஒழுங்கையாக (குறுகிய தெருவாக), வயலுக்குள் போகும் வண்டிப்பாதையாக இருக்கின்றன. அவற்றில் ஓடுவதற்குத்தான் அகலமான ரயர்.

முதலில் சைக்கிள்

கிறவல் சைக்கிள் என்றால் ரேசிங் சைக்கிள் போல வளைந்த ஹாண்டிலும், அதைவிட அகலமான ரயரும், டிஸ்க் பிரேக்கும் உள்ளது. 38 முதல் 45 மில்லிமீற்றர் வரை ரயர் இருந்தால் குடாநாட்டின் பெரும்பாலான பாதைகளுக்குப் போதும். அதுதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. மவுண்டன் சைக்கிளும் சரி. நல்ல நிலையில் உள்ள சாதாரண லுமாலா சைக்கிளிலும் கீழே சொல்லும் முதல் சுற்றை நிதானமாக முடிக்கலாம்; நம்மூர்த் தோட்டக்காரர் வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு அதே ஒழுங்கையில்தான் போகிறார். பல விருந்தினர் விடுதிகளில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: பிரேக் இரண்டும் பிடிக்கிறதா, சீற்றை உங்கள் காலுக்கு ஏற்ற மாதிரி உயர்த்த முடிகிறதா. சீற் தாழ்ந்திருந்தால் இருபது கிலோமீற்றரில் முழங்கால் நோகத் தொடங்கும்.

காற்றடிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சைக்கிள் கடையில் கொடுத்தால் கல்லுப்போல அடித்துத் தந்துவிடுவார்கள். காபெற் வீதிக்கு அது சரி. கிறவலில் அப்படி ஓடினால் ஒவ்வொரு கல்லும் கைக்கும் முதுகுக்கும் வந்து சேரும், ரயரும் பிடிக்காது. எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீற்றர் ரயருக்கு 35 முதல் 40 பிஎஸ்ஐ வைக்கலாம். மணல் பகுதிக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ரியூப் போட்ட ரயரில் 30க்குக் கீழே போகாதீர்கள். கல்லில் குத்தும்போது ரியூப் விளிம்பில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும்.

காற்றைக் கேட்டுத் திசையை முடிவு செய்யுங்கள்

எந்தப் பாதை என்று பார்ப்பதற்கு முன் எந்த மாதம் என்று பாருங்கள். மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை சோழகம், தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடை, வடகிழக்கிலிருந்து. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். குடாநாட்டுக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டும். அப்போது வயல்பாதைகளும் தரவை எனப்படும் வெட்டவெளிகளும் வெள்ளத்தில் கிடக்கும், செம்மண் ரயரில் ஒட்டிச் சில்லைச் சுற்ற விடாது. ஜனவரி முதல் மார்ச் வரை ஓடுவதற்கு அருமையான காலம். ஏப்ரலில் வெயில் கொடுமை.

ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பில் தெம்பிருக்கும் காலை நேரத்தில் எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகுக்காற்று. வாடைக்காலத்தில் பருத்தித்துறைப் பக்கம் போனால் வீடு திரும்பும் போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். அதே பயணத்தைச் சோழகத்தில் செய்தால் போகும்போது பறந்துவிட்டு, திரும்பும்போது வல்லைவெளியில் ஒரு மரநிழல் கூட இல்லாமல் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். வெளியும் பாலமும் இருக்கும் பகுதியைக் காலையில் முடித்துவிடுங்கள், வேலியும் வீடும் தோப்பும் மறைக்கும் உள்ஒழுங்கைகளை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தேமுக்காலுக்குப் புறப்படுங்கள். பத்தரைக்குள் கடுமையான பகுதி முடிந்திருக்க வேண்டும். பதினொன்று முதல் மூன்று வரை ஏதாவது ஒரு கோயில் மண்டபத்திலோ தேத்தண்ணிக் கடையிலோ இருந்துவிட்டு, பின்னேரம் மீதியை ஓடலாம்.

பையில் வைக்க வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். கிணற்றுத் தண்ணீர் எங்கும் கேட்டால் தருவார்கள், மறுப்பவர்கள் கிடையாது. ஆனால் சுண்ணக்கல் தண்ணீர், பழகாத வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தீவுப் பகுதிகளில் நல்ல தண்ணீரே அரிது, அங்கு உள்ளவர்களின் தண்ணீரை வாங்கிக் குடிக்க நேரும்படி போகாதீர்கள். ஒரு சாரம் அல்லது வேட்டி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான சைக்கிள் காற்சட்டையோடு கோயிலுக்குள் போக முடியாது. நல்லூர் உட்படப் பல கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். பெண்கள் ஒரு பாவாடையும் சால்வையும் மடித்து வைத்தால் போதும். மாற்று ரியூப் இரண்டு, ஒட்டுப்போடும் சாமான், பம், முன்னும் பின்னும் லைற். போனில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சின்ன ஒழுங்கைகள் அதில் நன்றாகவே இருக்கின்றன.

வரைபடத்தை நம்புங்கள், ஆனால் ஆட்களையும் கேளுங்கள். ஒழுங்கை ஒருவருடைய படலையோடு முடிந்துவிடும், அல்லது வயலுக்குள் போய்த் தேய்ந்துவிடும்.

"அண்ணை, இந்த ஒழுங்கையால கந்தரோடைக்குப் போகலாமோ?"

"போகலாம் தம்பி. பிள்ளையார் கோயிலடியில இடக்கைப் பக்கம் திரும்புங்கோ, நேர போனா வயல்தான்."

வீதிப் பெயர் சொல்லி வழி சொல்பவர் குறைவு. கோயிலடி, ஆலடி, புளியடி, சந்தி, வாசிகசாலை என்றுதான் சொல்வார்கள். போகும் பாதையில் உள்ள சந்திகளின் பெயரை வரிசையாக ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டால் கேட்பது இலகு.

மணலும் முள்ளும்

கிறவலில் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கை தளர்வாக, முழங்கை மடிந்து, கண் பத்துப் பதினைந்து மீற்றருக்கு முன்னால். சில்லு கொஞ்சம் இடம்வலமாக வழுக்கும். வழுக்கட்டும், உழக்குவதை நிறுத்தாதீர்கள். வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மணல் வேறு விதம். குடாநாட்டின் கிழக்குப் பக்கத்தில், வடமராட்சி கிழக்கிலும் தென்மராட்சியின் சில பகுதிகளிலும் ஒழுங்கை திடீரென்று வெள்ளை மணலாக மாறும். மணலுக்குள் இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, உடம்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, ஒரே சீராக உழக்குங்கள். இறங்கிய பிறகு கியரை மாற்ற முயன்றால் நின்றுவிடும். முன்சில்லு புதைந்து விட்டால் மல்லுக்கட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஊர்ச் சனமும் அந்த இடத்தில் தள்ளிக்கொண்டுதான் போகிறது.

இனி முள். யாழ்ப்பாணத்தில் பஞ்சர் ஆகாமல் கிறவல் ஓட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பாதையோரம் படர்ந்த நெருஞ்சி, வேலியிலிருந்து வெட்டிப்போட்ட முட்கிளுவை, தரவைகளில் உடைமுள். காய்ந்த பனைமட்டையின் கருக்கும் ரயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். காவோலை கிடந்தால் ஏற்றி ஓடாமல் விலக்குங்கள். ரியூப் இல்லாத ரயரில் அடைப்புத் திரவம் விட்டு ஓடுபவர்களுக்குப் பாதித் தொல்லை குறையும்.

பஞ்சரானால் செய்ய வேண்டியதைப் பொறுமையாகச் சொல்கிறேன், இதில்தான் பலர் அவசரப்பட்டு இரண்டாவது ரியூபையும் ஓட்டையாக்குவார்கள். சில்லைக் கழற்றி ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் விளிம்பிலிருந்து எடுங்கள். ரியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்தால் காற்று வரும் இடம் தெரியும். வால்விலிருந்து அந்த ஓட்டை எவ்வளவு தூரம் என்று பார்த்து, ரயரிலும் அதே தூரத்தில் தேடுங்கள். நெருஞ்சிமுள் வெளியே உடைந்து, உள்ளே நுனி மட்டும் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பழைய துணித்துண்டை ரயரின் உட்புறத்தில் ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவினால் விரலில் குத்தும், துணியே நல்லது. முள்ளை உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள். ஒரு முள் கிடைத்தவுடன் நிறுத்தாதீர்கள், நெருஞ்சி தனியாக வராது. முழுச் சுற்றும் பார்த்த பிறகே புது ரியூபைப் போடுங்கள். ஊருக்குள் என்றால் சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை உண்டு, வாளித் தண்ணீரில் ரியூபை அமுக்கிப் பார்த்து ஒட்டித் தந்துவிடுவார்கள். தீவகத்திலும் மணற்காட்டிலும் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

பழக்க ஓட்டம்: கோட்டையும் நல்லூரும்

தூர ஓட்டத்துக்கு முன் ஒரு பின்னேரம் நகருக்குள் ஓடிப் பாருங்கள். கோட்டை 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் தொடங்கியது; 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் பெருப்பித்தார்கள். மதில் கற்களில் முருகைக்கல்லின் துளைகளைக் கிட்டப் பார்க்கலாம். அங்கிருந்து நூலகம், பிறகு நல்லூர். கந்தசுவாமி கோயிலுக்கு அப்பால் முத்திரைச் சந்தியைச் சுற்றி மந்திரிமனை, சங்கிலித்தோப்பு வளைவு, 'ப' வடிவில் வெட்டிய யமுனா ஏரி எல்லாம் கிட்டக்கிட்ட. திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டிருக்கும், சைக்கிளைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும்.

முதல் சுற்று: வலிகாமம், ஏறத்தாழ 55 கிலோமீற்றர்

புதிதாக வருபவர் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று சொன்னால் நான் காட்டும் பாதை இதுதான். செம்மண், வயல், கடல், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை எல்லாம் ஒரே நாளில்.

நகரிலிருந்து ஆனைக்கோட்டைக்குப் போங்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் இங்கே அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த சின்ன முத்திரை கிடைத்தது. போய்ப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த ஒழுங்கைகளின் கீழே எவ்வளவு பழைய ஊர் கிடக்கிறது என்பதை அறிந்துகொண்டு ஓடுவது வேறு.

மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகக் கந்தரோடை. இந்தப் பகுதியில் வீதியை விட்டு உள்ளே இறங்குங்கள். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் வழுக்கையாறு இந்த வயல்களுக்குள்ளால்தான் அராலிக் கடலுக்குப் போகிறது. ஆறே இல்லாத குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது இது ஒன்றுதான். கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், கரையோர வண்டிப்பாதைகள் இறுகிப்போய் ஓட மிக நன்றாக இருக்கும். தை மாதத்தில் போனால் இருபக்கமும் நெல் விளைந்து நிற்கும். வரப்பில் சைக்கிளை ஏற்றாதீர்கள். ஒரு வரப்பு உடைந்தால் அந்த வயலின் தண்ணீர் போய்விடும். எதிரே மாடோ லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமோ வந்தால் நீங்கள்தான் இறங்கி வழிவிட வேண்டும்.

கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே சுண்ணக்கல்லால் ஆன சின்னச் சின்னத் தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. 1910களின் இறுதியில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் இங்கே அகழ்ந்தார். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் செய்த அகழ்வில் பெருங்கற்காலக் குடியிருப்பின் தடயங்கள் வந்தன. தமிழரும் பௌத்தராக இருந்த காலம், ஊரின் உரிமை, பெயர்ப்பலகை என்று பல வாதங்கள் இந்த இடத்தைச் சுற்றி உண்டு. வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு அரைமணி நேரம் சுற்றிப் பாருங்கள், இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு சிறிதாகத் தூபிகள் வேறெங்கும் காண்பது அரிது. காவலாளி இருப்பார், சைக்கிளை வாசலில் விடலாம்.

அங்கிருந்து சுன்னாகம் கிட்டத்தான். சந்தையடியில் பணிசும் வாழைப்பழமும் வெறுந்தேத்தண்ணியும். பிறகு மல்லாகம், மாவிட்டபுரம், கீரிமலை. மாவிட்டபுரத்துக்கும் கீரிமலைக்கும் ஒரே கதை: குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடி முகம் மாறினாள், மாவிட்டபுரத்தில் கோயில் எழுப்பினாள் என்று. கீரிமலைக் கேணி கடலுக்கு ஒட்டி இருக்கிறது, ஆனாலும் ஊற்றுத் தண்ணீர். சுண்ணக்கல் பாறைக்குள் இறங்கிய மழைநீர் கரையோரம் வந்து கிளம்புவதுதான் காரணம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு கேணி. முப்பது கிலோமீற்றர் உழக்கிய பிறகு அதற்குள் இறங்கினால் வருகிற சுகத்தை நான் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வரும் சனத்தால் நிறைந்திருக்கும், அன்று வேறு பாதை எடுங்கள்.

கீரிமலையிலிருந்து கடலைப் பார்த்தபடி சேந்தாங்குளம் வழியாக மாதகல். அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதாக மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளத் துறை இந்தக் கரை என்று கொள்கிறார்கள். பிறகு தெற்கே திரும்பிப் பண்டத்தரிப்பு, சங்கானை. சங்கானையில் பழைய தேவாலயத்தின் கூரையற்ற முருகைக்கல் சுவர்கள் நிற்கின்றன. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரி இருந்த இடத்தில் இப்போது யாழ்ப்பாணக் கல்லூரி. கடைசியாக அராலிப் பாலம், காக்கைதீவு, நகரம். அராலிப் பக்கம் இருபுறமும் கடல்நீரேரிச் சேறு. பறவைகளைப் பார்க்க வீதியிலேயே நில்லுங்கள். காய்ந்து வெள்ளையாகத் தெரியும் தரவை மேலே ஒரு தோல் மட்டும்தான், கீழே சேறு. சைக்கிளோடு இறங்கினால் முழங்கால் வரை போகும்.

வாடையில் நான் சொன்ன ஒழுங்கிலேயே ஓடுங்கள், அராலி வெளியில் காற்று எதிரே வராது. சோழகத்தில் தலைகீழாக: அராலியை விடியற்காலையில் தாண்டிவிட்டு, திரும்பும்போது கந்தரோடை ஒழுங்கைகளின் மறைவில் வாருங்கள்.

இரண்டாவது சுற்று: தீவகம், ஏறத்தாழ 60 கிலோமீற்றர்

பண்ணைப் பாலத்தைக் காலை ஆறு மணிக்குள் பிடியுங்கள். ஆழமில்லாத கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுப்பவர்களை இரண்டு பக்கமும் பார்க்கலாம். மண்டைதீவுச் சந்தி தாண்டி அல்லைப்பிட்டி. இங்கே நிலத்தைத் தோண்டியபோது சீனாவின் சொங் வம்சக் காலத்து மட்பாண்டத் துண்டுகள் பெருமளவில் வந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கப்பல் வணிகத்தின் மிச்சம். பிரதான வீதியை விட்டு மண்கும்பான், சாட்டிப் பக்கம் மணல் ஒழுங்கைகளில் இறங்கலாம். வேலணையில் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கப்பால் கடைகள் குறையும்.

ஊர்காவற்துறையில் கடற்கரையோரம் போர்த்துக்கேயர் காலத்துச் சின்னக் கோட்டை ஒன்றின் சிதைவு, எதிரே நீருக்கு நடுவில் கடற்கோட்டை. அங்கிருந்து காரைநகருக்கு 'பாதை' என்று சொல்லும் மிதவையில் சைக்கிளோடு கடக்கலாம். எப்போது ஓடுகிறது, ஓடுகிறதா என்பதை முதல் நாளே ஊர்காவற்துறையில் விசாரித்து வையுங்கள். ஓடாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். காரைநகரில் கசூரினாக் கடற்கரை, பிறகு பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, அராலி வழியாக வீடு. பாலங்களில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், வீதி ஓரத்தை ஒட்டிப் போகாமல் ஒரு கை அகலம் உள்ளே ஓடுங்கள். பெப்ரவரிக் கடைசி, மார்ச் மாதங்களில் காற்று ஓய்ந்திருக்கும், இந்தச் சுற்றுக்கு அதுதான் காலம்.

மூன்றாவது: வடமராட்சியும் மணற்காடும்

இது 85, 90 கிலோமீற்றர் வரும். மேலே சொன்ன இரண்டையும் ஓடிப் பழகிய பிறகு எடுங்கள். முதலில் நிலாவரைக் கிணறு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்பார்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நிலத்தடிச் சுண்ணக்கல் இடிந்து உண்டான பெருங்குழி அது. அச்சுவேலி தாண்டித் தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்யும் கோயில். மடங்களில் அன்னதானம் உண்டு, சைக்கிளில் வந்த அந்நியனையும் கூப்பிட்டு இருத்திச் சோறு போடுவார்கள். வேட்டியை மாற்றிக்கொண்டு போங்கள், சாப்பிட்டால் உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

வல்வெட்டித்துறை வழியாகக் கடலோரமாகப் பருத்தித்துறை. இங்கே தவறவிடக் கூடாதது தெருமூடி மடம். தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை வைத்துக் கல்லால் கட்டிய மடம். தெரு அதன் நடுவால் போகிறது. பாரம் சுமந்து நடந்தவர்கள் ஒதுங்கிப் போன அதே நிழலுக்குள் இன்று நீங்கள் சைக்கிளோடு நுழைகிறீர்கள். திண்ணையில் இருந்து தூண்களைக் கவனியுங்கள். காபெற் வீதியை விட்டு வரச் சொன்னதற்கு எனக்கு இந்த ஒரு கட்டடமே போதும்.

பிறகு வல்லிபுரம். ஆழ்வார் கோயில் இருக்கும் இந்த ஊரில்தான் அனுராதபுரத்து வசப மன்னன் காலத்துப் பொற்தகடு கிடைத்தது, நாகதீவு என்ற பெயர் அதில் இருக்கிறது. கோயிலைத் தாண்டியதும் மணல் தொடங்கும். மணற்காட்டில் மணல் மேடுகளுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும், சவுக்கந்தோப்பும். கடைசிப் பகுதியில் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள். திரும்ப நெல்லியடி, வல்லைவெளி. களைத்துவிட்டால், அல்லது சோழகம் அடித்தால், நெல்லியடியில் பட்டா எனப்படும் ஒரு சின்ன லொறியைப் பேசி சைக்கிளை ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

நெடுந்தீவுக்கு ஒரு இரவு

பகலில் போய்ப் பகலில் திரும்பும் சுற்றுலாக்காரர் பார்ப்பது நெடுந்தீவின் கால்பங்கு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சைக்கிளைக் கையால் தூக்கித்தான் ஏற்றுவார்கள், பெடலைக் கழற்றிவைத்தால் மற்றவர்களைக் குத்தாது. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, அதனால் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். தீவு முழுவதும் சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், அவற்றுக்கிடையில் உடைந்த கல் நிரம்பிய பாதைகள். கிறவல் ரயருக்கு இலங்கையில் இதைவிடப் பொருத்தமான நிலம் எனக்குத் தெரியாது. ஒல்லாந்தர் கோட்டைச் சிதைவு, புறாக்கூடு, பாவோபாப் எனும் பெருக்கமரம், தெற்கு வெளியில் மேயும் மட்டக்குதிரைகள். குதிரைகளைத் துரத்தாதீர்கள், கோடையில் அவை தண்ணீருக்கே தவிக்கின்றன.

இறங்கக் கூடாத இடங்கள்

முகமாலை, கிளாலி, வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பக்கம் போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த இடங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்த நிலம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை எங்கே கண்டாலும் அந்த இடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும், ஆட்களோ வண்டியோ போய்வருகிற தடத்தை விட்டு ஓர் அடி கூட இறங்க வேண்டாம், சிறுநீர் கழிக்கவும்தான்.

வலிகாமம் வடக்கில், மயிலிட்டி, பலாலிப் பக்கம், கூரையில்லாமல் மரம் முளைத்து நிற்கும் வீடுகளைப் பார்ப்பீர்கள். சிலர் உள்ளே போய் நின்று படம் எடுக்கிறார்கள். அது ஒருவருடைய வீடு. அந்த வீட்டுக்காரர் எங்கோ முகாமிலோ வெளிநாட்டிலோ இருந்து திரும்பிவர வழிபார்த்திருக்கலாம். வெளியே நின்று பார்ப்பது போதும். பற்றைக்குள் கட்டில்லாத கிணறுகளும் உண்டு, விழுந்தால் கூப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லை. இராணுவ முகாம், கடற்படைத் தளம் பக்கம் கமராவை வெளியே எடுக்காதீர்கள், மறித்தால் இறங்கி நின்று எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

ஒழுங்கை நாய்கள் துரத்தினால் வேகமெடுக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடங்கள், அதன் எல்லை முடிந்ததும் விட்டுவிடும்.

வீடு வந்ததும்

களைப்பில் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் படுக்காதீர்கள். கடலோரம் ஓடிய சைக்கிளின் செயினில் உப்பும் சுண்ணத்தூளும் ஒட்டியிருக்கும், ஒரே இரவில் துருப் பிடிக்கத் தொடங்கும். நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். அச்சுகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஈரமாக விட்ட எண்ணெயில் அடுத்த நாள் செம்மண் முழுவதும் ஒட்டும். ரயரை ஒரு முறை கையால் சுற்றிப் பார்த்து, பாதி ஏறி நிற்கும் முட்களை இப்போதே பிடுங்கி எறியுங்கள். காலையில் ரயர் தட்டையாக இருப்பது பெரும்பாலும் அவற்றால்தான்.